மேள அட்டவணையில் நகர்ந்த நீல வரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி, குறி, சாத்திரம், நாவூறு, எதிலும் எனக்கு ஒரு துளி நம்பிக்கை கிடையாது. நாற்சந்தியில் யாராவது தேசிக்காய் வெட்டிப் போட்டிருந்தால் அதைப் பொறுக்கி வந்து கரைத்துக் குடிக்கக் கூடியவள் நான். என் தொழிலும் அப்படிப்பட்டது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியில் பஸ் இறங்கி ஒரு ஒழுங்கைக்குள் நடந்தால் வருகிற வீட்டின் முன்னறையில் இருந்து கணினிக்குப் புரோகிராம் எழுதுகிறேன். புரோகிராம் பிழையாக நடந்தால் பிழை நான் எழுதியதில் இருக்கும், இல்லாவிட்டால் பாவிக்கிறவரின் கையில் இருக்கும், அதுவும் இல்லாவிட்டால் மவுசுக்குள் எறும்பு போயிருக்கும். நாலாவது காரணம் ஒன்றை நான் கண்டதில்லை, இந்த ஒரு விசயத்தைத் தவிர. இரவில் நடந்திருந்தால் தூக்கக் கலக்கம் என்று தள்ளிவிடலாம். இது பட்டப்பகல், வெயில் எறித்துக்கொண்டிருந்தது, பக்கத்து வளவில் தண்ணீர் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் என் மனுசனைப் போலச் சிரித்துவிட்டுப் போங்கள்.

அளவெட்டியில் பஞ்சலிங்கம் என்று ஒருவர் இருக்கிறார். ஊரே பஞ்சண்ணை என்பதால், என் அப்பாவின் வயதுள்ள அந்த மனிதரை நானும் பஞ்சண்ணை என்றுதான் கூப்பிடுகிறேன். கோயில் திருவிழாக்களுக்கும் கலியாணங்களுக்கும் நாதஸ்வரம், தவில் வாசிக்கிறவர்களை ஒழுங்கு செய்து அனுப்புவது அவர் வேலை. கோயில்காரர் கூப்பிட்டு இன்ன நாள் பூங்காவனத் திருவிழா, நல்ல மேளம் ஒரு செற் வேணும் என்றால், நாதஸ்வரத்துக்கு ஆள், தவிலுக்கு ஆள், தாளத்துக்கு ஆள் என்று சேர்த்து அனுப்ப வேண்டும். ஆனி, ஆடி, ஆவணி என்றால் மனிதருக்குச் சாப்பிட நேரமிருக்காது. ஆனால் இந்த வேலையை உண்மையில் நடத்திக்கொண்டிருந்தது அவருடைய மனைவி பூமணியக்கா. ஒரு எழுத்து எழுதமாட்டார், எல்லாம் தலைக்குள்தான். யார் எந்த நாள் ஓய்வு, யாருடைய குழலுக்கு யாருடைய தவில் பொருந்தும், எல்லாவற்றையும் விட முக்கியமாக, யாரோடு யார் இருக்கமாட்டார். வித்துவான்களுக்குள் கோபங்கள் உண்டு, சிலர் ஒரே மேடையில் இருக்கமாட்டார்கள், சிலர் ஒரே வான் வண்டியில்கூட ஏறமாட்டார்கள். பூமணியக்கா இருந்தவரை ஒரு பிசகு வந்ததில்லையாம். அவர் காலமான பிறகு, முகம் பார்த்துக் கதைக்காத இரண்டு பேரைப் பஞ்சண்ணை ஒரே கோயிலுக்கு அனுப்பிவிட்டார். அவர்கள் தேர் நிறுத்துகிற தேர்முட்டியடியில் சால்வையை உதறிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய்விட, சாமி மேளமில்லாமல் வீதி சுற்றியது. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் யாரோ சொல்லி என்னிடம் வந்தார்.

"பிள்ளை, எனக்கு உந்த இன்ரநெற் ஒண்டும் வேண்டாம். கொம்பியூட்டரைப் போட்டால் ஆக்களின்ரை பேர் வரவேணும், நான் தொட்டால் அந்த ஆள் எடுபடவேணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னால் அது அவ்வளவோடு நிற்காது, அனுபவம். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். திரை நிறையக் கட்டம் கட்டமாக ஒரு அட்டவணை, ஒரு ஆளுக்கு ஒரு வரி. பெயர், வாத்தியம், ஊர், ரெலிபோன் இலக்கம். ஒரு வரியைத் தொட்டால் அது நீலமாகும், நீலமானால் அந்த ஆளை எடுத்தாயிற்று. பெயர்கள் அகர வரிசையில் இருக்கும். இப்படி ஒரு அட்டவணை எங்கள் தொழிலில் தயாராகவே கிடைக்கும், எடுத்துப் பொருத்துவதுதான் வேலை. வில்லங்கம் என்னவென்றால், தயாராகக் கிடைத்தது பஞ்சண்ணைக்குச் சரிவரவில்லை. ஊரைத் தொட்டால் ஊர் மட்டும் நீலமாகிறது, ஆள் எடுபடவில்லை என்றார். எங்கே தொட்டாலும் முழு வரியும் நீலமாகும்படி மாற்றினேன். இரண்டாவது ஆளைத் தொட்டால் முதல் ஆள் ஓடிவிடுகிறார் என்றார். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு தொடவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். "ஒரு கையிலை ரெலிபோன், ஒரு கையிலை மவுஸ், மற்றக் கைக்கு நான் எங்கை போக?" என்று கேட்டார். சரி என்று, தொட்டால் நீலம், திரும்பத் தொட்டால் வெள்ளை, பொத்தானே வேண்டாம் என்று ஆக்கினேன்.

அம்பலவாணர் கதையைச் சொல்லாமல் விட முடியாது. இந்த அட்டவணைகளுக்கு ஒரு கெட்ட பழக்கம், திறந்தவுடன் முதல் வரியைத் தானாக நீலமாக்கிவிடும். அகர வரிசையில் முதல் ஆள் அம்பலவாணர் என்று ஒரு தவில் வித்துவான். பஞ்சண்ணை அதைக் கவனிக்காமல் தனக்கு வேண்டிய ஆட்களையும் தொட்டுச் சேமித்துக்கொண்டே போக, அந்த மாதம் எல்லாக் கோயிலுக்கும் அம்பலவாணர் போடப்பட்டிருந்தார். ஒரே பின்னேரம் மூன்று கோயிலில் இருந்து அந்தப் பாவிக்கு அழைப்பு. "பிள்ளை, என்னிலை என்ன கண்டனீர்?" என்று எனக்கே ரெலிபோன் எடுத்து நன்றி சொன்னார் மனிதர். அன்று சிரித்த சிரிப்பு. பிறகு, திறக்கும்போது ஒரு வரியும் நீலமாக இருக்கக் கூடாது என்று எழுதினேன்.

கடைசியாகச் செய்ததுதான் கோபக்காரர் ஒழுங்கு. ஒருவரைத் தொட்டவுடன், அவரோடு இருக்கமாட்டாதவர்களின் வரி சாம்பல் நிறமாகிப் பூட்டிக்கொள்ளும். பூட்டிய வரியை எத்தனை தரம் தொட்டாலும் எடுபடாது. யார் யாருக்குக் கோபம் என்று பஞ்சண்ணை என் கதிரைக்குப் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல நான் பதிந்தேன். கடைசியில், "குமரகுருவையும் வைத்திலிங்கத்தையும் பூட்டிவிடு. எண்டைக்கும் திறபடக்கூடாது," என்றார்.

அந்தச் சோடியை எனக்குத் தெரியும், எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்கு நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது வருவார்கள். கரண்ட் இல்லாத காலம், பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் குமரகுருவின் நாதஸ்வரத்துக்கு வைத்திலிங்கத்தின் தவில் பதில் சொல்ல, நாங்கள் கச்சான் கடலை உரித்துக் கோதுகளைச் சுற்றிப் போட்டுவிட்டு வீதி மணலில் மல்லாந்து கிடப்போம். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் வழியெல்லாம் அந்தத் தவில் பின்னாலேயே வரும். இன்றைக்கும் கச்சான் வறுக்கிற மணம் வந்தால் எனக்கு அந்த மணல்தான் நினைவுக்கு வருகிறது, கண் கலங்கிவிடும், அதை நான் யாருக்கும் காட்டுவதில்லை.

"ஏன் அண்ணை, என்ன நடந்தது?" என்றேன்.

"ஒரு பொன்னாடை பிள்ளை. வைத்தி தனித்தவில் வாசிச்சுக்கொண்டிருக்கிறான், உச்சத்திலை நிக்குது. நடுவிலை ஒரு பெரிய மனிசன் வந்து குமரகுருவுக்குப் பொன்னாடை போர்த்தப்போக, உவன் எழும்பிக் குனிஞ்சு வாங்கிப்போட்டான். சனம் கைதட்டிச்சுது. வைத்தி கழியைக் கீழை வைச்சவன்தான். அண்டையோடை சரி."

வைத்திலிங்கம் பூமணியக்காவின் தம்பி, அதாவது பஞ்சண்ணைக்கு மைத்துனர். அந்தத் தம்பியையும் குமரகுருவையும் சின்ன வயதிலேயே சோடி சேர்த்துவிட்டது பூமணியக்காதான். சாகிறதற்கு முன்னர் இரண்டு பேரையும் ஒரு தரம் ஒன்றாக இருத்திக் கேட்டுவிட வேண்டும் என்று நின்றாராம், இரண்டு பேரிடமும் கெஞ்சினாராம், நடக்கவில்லை. கீரிமலையில் பூமணியக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக்கூட இரண்டு பேரும் கேணியின் இந்தக் கரையில் ஒருவர், அந்தக் கரையில் ஒருவர் என்று நின்றிருக்கிறார்கள். "இனி ஒருக்காலும் நடவாது. திருவிழாக் காலம் முடிய வைத்தி கனடாவுக்கு மகளோடை போறான், ஒரேயடியா. என்ரை மனிசி கேட்டது அந்த ஒண்டுதான் பிள்ளை, அதைக்கூட என்னாலை செய்து குடுக்க ஏலாமப் போச்சு," என்று சொல்லிவிட்டுப் பஞ்சண்ணை மூக்கைச் சிந்தினார். நான் அந்த இரண்டு வரியையும் பூட்டினேன்.

பொருத்திக் கொடுத்த அடுத்த கிழமை பஞ்சண்ணையின் ரெலிபோன். குமரகுருவைத் தொட்டால் வைத்தியும் எடுபடுகிறார் என்றார். நான் நம்பவில்லை. என் கணினியில் அதே புரோகிராமைப் போட்டுத் தொட்டுப் பார்த்தேன், குமரகுரு நீலம், வைத்திலிங்கம் சாம்பல், கல்லுப் போல நிற்கிறது. "அண்ணை, நீங்கள் கையைத் தவறிப் பட்டிருப்பியள்," என்றேன். "என்ரை கை எனக்குத் தெரியாதே?" என்று அவருக்கும் கோபம் வந்துவிட்டது. இரண்டு நாள் ரெலிபோனிலேயே சண்டை பிடித்துவிட்டு, விட்டால் என் பெயர் கெட்டுவிடும் என்று மூன்றாம் நாள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அளவெட்டிக்குப் போனேன்.

கணினியை விறாந்தையில், பூமணியக்கா ரெலிபோனும் கையுமாக எப்போதும் கதிரை போட்டு இருந்த மேசையில் வைத்திருந்தார். பஞ்சண்ணை சீனி அள்ளிப்போட்ட தேத்தண்ணீர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பின்னால் நின்றார். எங்கள் ஊர் அம்மன் கோயிலில் இருந்துதான் அன்று கேட்டிருந்தார்கள், பூங்காவனத்துக்குக் குமரகுரு வேண்டுமென்று. நான் குமரகுருவைத் தொட்டேன். நீலம். கீழே வைத்திலிங்கம் சாம்பல். பார்த்தீர்களா அண்ணை என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், குமரகுருவுக்குக் கீழே இருந்த முதல் தவில்காரரின் வரி நீலமாகி வெள்ளையானது. பிறகு அதற்குக் கீழே அடுத்த தவில்காரர். பிறகு அடுத்தவர். நாதஸ்வரக்காரர்களைத் தொடவில்லை, தவில்காரர்களில் மட்டும் ஒவ்வொருவராக, விரல் வைத்து வாசித்துக்கொண்டு போவதுபோல நீலம் இறங்கிக்கொண்டே போய் வைத்திலிங்கத்தில் நின்றது. சாம்பல் வரி நீலமானது. சாம்பல் வரி நீலமாக வழியே கிடையாது, விளங்குகிறதா, நான் அப்படி ஒரு வழியை எழுதவே இல்லை.

முதலில் எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மவுஸ் பழுது என்று அதன் வயரைப் பிடுங்கி எறிந்தேன். நீலத்தை அழித்து வைத்தேன், கீபோர்டில் இருந்து குமரகுருவை எடுத்தேன், உடனே கீபோர்டையும் பிடுங்கினேன். மேசையில் திரையும் தேத்தண்ணீரும் மட்டும் இருக்கின்றன. நீலம் இறங்கியது. இன்ரநெற் இல்லை, தூரத்தில் இருந்து யாரும் விளையாடவும் முடியாது. எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, பெயர்களைத் தலைகீழாக அடுக்கிப் பார்த்தேன், வைத்திலிங்கம் மேலே போய்விட்டார், நீலம் கீழே இருந்து மேலே ஏறிப்போய் அவரில் நின்றது. புரோகிராமை அழித்துப் புதிதாகப் போட்டேன். அதே கோதாரி. கடைசியில் என் கைமயிர் எல்லாம் நட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டுப் பஞ்சண்ணை என் தோளைத் தொட்டார்.

"விடு பிள்ளை. உது உன்ரை பிழை இல்லை. உது எங்கடை மனிசி."

"அண்ணை, சும்மா பேய்க்கதை கதையாதேங்கோ!" என்று கத்திவிட்டேன். கத்தினேனே தவிர, அந்தக் கதிரையில் இருந்து எழும்பிவிட்டேன், அதையும் சொல்லத்தானே வேண்டும்.

அவர் ஆறுதலாக வந்து இருந்தார். சேமிக்கும் பொத்தானில் மவுசைக் கொண்டுபோய் வைத்தார். "அவ போட்டிட்டா. அவ போட்டதை நான் எண்டைக்கும் மாத்தினதில்லை," என்று சொல்லி அழுத்தினார். குமரகுருவும் வைத்திலிங்கமும் எங்கள் அம்மன் கோயில் பூங்காவனத்துக்கு எழுதப்பட்டார்கள். ஒருவருக்கு மற்றவர் வருகிறார் என்று சொல்லவில்லை.

பூங்காவனத்தன்று பின்னேரம் நான் நேரத்தோடே கோயிலுக்குப் போய்விட்டேன். இந்தக் கோயிலிலும் மேளமில்லாமல் சாமி சுற்றினால் பஞ்சண்ணையின் தொழில் அன்றோடு முடிந்தது, அதைவிட, பூமணியக்காவின் ஆசையும் முடிந்தது. குமரகுரு முதலில் வந்து வசந்த மண்டபத்தடியில் இருந்து நாதஸ்வரச் சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது, ஆனால் அதே பெரிய பொட்டு. பிறகு ஓட்டோவில் இருந்து வைத்திலிங்கம் இறங்கினார், மெலிந்திருந்தார். பஞ்சண்ணை பக்கத்தில் நிற்க, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்டார்கள்.

"ஆரண்ணை உவனுக்குச் சொன்னது?" என்றார் குமரகுரு.

வைத்திலிங்கம் அவரைப் பார்க்கவே இல்லை. "அத்தான், ஓட்டோவை மறியுங்கோ. நான் போறன்," என்றார்.

பஞ்சண்ணை ஓட்டோவுக்கு முன்னால் போய் நின்றார். "பூமணிதானடா போட்டவ," என்றார். நடந்ததைச் சொன்னார். வைத்திலிங்கத்தின் முகம் கறுத்துவிட்டது. "செத்த மனிசியின்ரை பேரை வைச்சு விளையாடாதையுங்கோ அத்தான்! அக்கா உசிரோடை கேக்கேக்கை நான் உவனோடை இருக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும், அதை ஏன் இப்ப குத்திக் காட்டுறியள்?" என்று சத்தம் போட்டார். சனம் திரும்பிப் பார்த்தது. உடனே பஞ்சண்ணை என்னைக் கையால் காட்டி, "நான் பொய் எண்டால் இந்தப் பிள்ளையைக் கேள். இவதான் செய்தவ," என்றார்.

அம்மன் சந்நிதியில், இவ்வளவு சனத்துக்கு நடுவில், பேய் பிசாசு நம்பாத நான் என்ன சொல்ல? பொய் சொல்லி அவர்களைச் சேர்த்துவைக்கவும் எனக்கு மனமில்லை. "ஐயா, எனக்குக் காரணம் தெரியாது. மவுசைக் கழட்டி வைச்சிட்டும் பாத்தனான், கீபோர்டைக் கழட்டி வைச்சிட்டும் பாத்தனான். வந்தது," என்றேன்.

"எப்பிடி வந்தது? நேரா என்னிலையோ வந்தது?" அவர் கேட்ட விதத்தில் ஏளனம் இருந்தது.

"இல்லை. குமரகுரு ஐயாவிலை தொடங்கி, ஒவ்வொரு தவில்காரராப் பாத்துப் பாத்து வந்து, உங்களிலை வந்து நிண்டது."

வைத்திலிங்கம் ஓட்டோவில் வைத்த கையை எடுத்தார். பிறகு, என்னிடம் இல்லை, குமரகுருவிடம், எத்தனையோ வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக, சொன்னார்: "தம்பி எண்டு அக்கா முதல்லை என்ரை பேரை எடுக்கமாட்டா. ஆரும் குறை சொல்லக்கூடாது எண்டு எல்லாரின்ரை பேரையும் சொல்லிப்போட்டுத்தான் என்னட்டை வருவா. உனக்குத் தெரியுமெல்லே?"

"தெரியும்," என்றார் குமரகுரு. சீவாளியைக் குழலில் பொருத்தினார்.

சாமி வெளிக்கிட்டுவிட்டது என்று மணி அடித்தார்கள். வைத்திலிங்கம் தவிலை எடுத்துத் தோளில் மாட்டினார். வேறு ஒன்றும் கதைக்கவில்லை, இரண்டு பேரும் போய்ச் சாமிக்கு முன்னால் நின்றார்கள். கிழக்கு வீதி முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்தான் வாசித்தார்கள், கடமைக்கு. தெற்கு வீதி திரும்பும்போது குமரகுரு ஒரு இடத்தில் சுரத்தைப் பிடித்து இழுக்க, வைத்திலிங்கம் அதைத் தட்டிப் பறித்தார், குமரகுரு சிரித்துவிட்டார். மேற்கு வீதியில் சாமியை நிறுத்தி வைத்துவிட்டார்கள். தனித்தவில் தொடங்கியது. நான் சின்னப்பிள்ளையில் கேட்ட அதே தவில், எனக்கு எங்கிருந்தோ அப்பாவின் தோளில் முகம் வைத்த வியர்வை மணம் வந்தது, சத்தியமாக. நடுவில் கோயில் தலைவர் பொன்னாடையோடு குமரகுருவுக்குக் கிட்டப் போனார். குமரகுரு கண்ணைத் தவிலில் இருந்து எடுக்காமல் ஒரு கையை நீட்டி அவரை அப்படியே தள்ளி நிறுத்தினார். தவில் முடியும்வரை அசையவில்லை. முடிந்ததும் தானே அந்தப் பொன்னாடையை வாங்கிப் போய் வைத்திலிங்கத்துக்குப் போர்த்தினார். பஞ்சண்ணை தேர்முட்டிப் படியில் இருந்து தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதார், பக்கத்தில் நின்று நானும் அழுதேன். எனக்கு வெட்கமில்லை.

வைத்திலிங்கம் சொன்னபடியே கனடாவுக்குப் போய்விட்டார். தன் தவிலைக் குமரகுருவின் வீட்டில் விட்டுவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். கதை இதோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்குச் சொல்லியிருக்கவே மாட்டேன், ஏதோ புரோகிராம் பிழை, நல்லதாய் முடிந்தது என்று விட்டிருப்பேன்.

மாரி தொடங்கிய நேரம் பஞ்சண்ணையிடம் இருந்து ரெலிபோன் வந்தது. "பிள்ளை, கொம்பியூட்டர் பழுதாப்போச்சு." போனேன். எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. குமரகுருவைத் தொட்டால் குமரகுரு மட்டும் நீலம், வைத்திலிங்கம் சாம்பல், மற்ற எல்லாம் வெள்ளை. "நல்லாத்தானே வேலை செய்யுது அண்ணை," என்றேன்.

"அதுதான் பழுது," என்றார்.

திருவிழாவுக்குப் பிறகு ஒரு தடவைகூட நீலம் நகரவில்லையாம். காலையில் எழும்பி முகம் கழுவி, தேத்தண்ணீரோடு அந்தக் கதிரையில் இருந்து, குமரகுருவைத் தொட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். "முந்திப் பிழையா நடந்ததெல்லே, அதே மாதிரித் திரும்பச் செய்து தர ஏலுமே?" என்று கேட்டார். அந்த மனிதர் கேட்ட விதத்தை நான் எப்படிச் சொல்வது. பிழையை நீக்கச் சொல்லித்தான் எல்லாரும் என்னிடம் வருவார்கள். அங்கேயே இருந்து எழுதினேன், பெரிய வேலை இல்லை. குமரகுருவைத் தொட்டதும் நீலம் தவில்காரர்களில் ஒவ்வொருவராக இறங்கி வைத்திலிங்கத்தில் நிற்கும்படி. போட்டுக் காட்டினேன். நாடியைக் கையில் தாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தரமும் போடச் சொன்னார். பிறகு தலையை ஆட்டினார்.

"நல்லாத்தான் செய்திருக்கிறாய் பிள்ளை. ஆனால் இது அவ இல்லை. வைத்தியிட்டைப் போக முதல் அவ ஒரு இடத்திலை கொஞ்சம் நிண்டு போவா."

"எங்கை?"

"என்ரை பேரிலை."

அவருடைய பெயரும் அந்த அட்டவணையில் இருந்தது. இளமையில் தவில் வாசித்தவர், தோள்மூட்டு விட்டுப்போய் நிறுத்தியவர், பெயர் மட்டும் கிடக்கட்டும் என்று பதியச் சொல்லியிருந்தார். கோயில்காரர் வந்தால் பூமணியக்கா தவில்காரர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து, பஞ்சலிங்கம் என்ற இடத்தில் நிறுத்தி, முற்றத்தில் நிற்கும் மனுசனை ஒரு பார்வை பார்த்துச் சிரித்துவிட்டு, இவருக்கு ஏலாது என்று தாண்டிப் போவாராம். அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு உறைத்தது. அன்று விறாந்தையில் நீலம் ஒரு வரியில் கொஞ்சம் தங்கியதை நானும் கண்டேன், பழைய கணினி, இழுபடுகிறது என்று விட்டுவிட்டேன். "அதையும் போட்டுத் தாறன் அண்ணை," என்றேன். "வேண்டாம். நீ போட்டால் நீ நிப்பாட்டினதாத்தானே இருக்கும்," என்று சொல்லி, நான் எழுதியதை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன்.

இனிச் சொல்லப்போவது என் அறையில் நடந்தது. அந்தப் புரோகிராமின் ஒரு பிரதி என் கணினியிலும் இருக்கிறது, அங்கே ஒரு நாளும் நீலம் தானாக நகர்ந்ததில்லை என்று முதலிலேயே சொன்னேன். போன மாசியில் ஒரு காலை, வேறு ஒரு வேலைக்காக அதைத் திறந்தேன். கை பழக்கத்தில் குமரகுருவைத் தொட்டுவிட்டேன். நீலம் இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு தவில்காரராக, அவசரமில்லாமல். பஞ்சலிங்கத்தில் வந்து நின்றது. இப்போது போகும், இப்போது போகும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், வெளியே பலாலி வீதியில் பஸ் ஹோர்ன் அடிக்கிறது, அது போகவில்லை. மேலே குமரகுருவின் நீலம்கூட அழிந்துவிட்டது. முழு அட்டவணையும் வெள்ளை, பஞ்சலிங்கம் என்ற ஒரு வரி மட்டும் நீலம், எடுபட்டது அவர் மட்டும். நான் அதைத் தொட்டு அழிக்கவும் பயந்து, சுவரில் சுவிட்சை நிறுத்தினேன். அதற்குப் பிறகு அதை நான் திறக்கவில்லை.

பஞ்சண்ணை சுகமாக இருக்கிறார். கிழமைக்கு ஒரு தடவையாவது ரெலிபோன் எடுப்பார், அவருடைய பெயர் திரையில் வந்தாலும் அந்தப் பக்கத்தில் இருந்து "பிள்ளை" என்று அவருடைய குரல் வரும்வரை நான் வாய் திறப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் கேட்பார், பிள்ளை, உங்கை உன்ரை கொம்பியூட்டரிலையாவது ஒருக்கா வந்ததோ என்று. இல்லை அண்ணை, வரேல்லை என்று சொல்லிவிடுகிறேன். உண்மையைச் சொன்னால் அந்த மனிதர் பயப்படமாட்டார், சந்தோசப்படுவார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.